இறங்கு ஏலம்

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு
பெனீஷ் தீயணைப்பு நிலையத்தின் பின்கூடம் எங்களுக்கு.
தரையில் முழத்துக்கு ஒரு மஞ்சள் நாடா.
நாங்கள் ஆறு பேர்.
சுவருக்கு அந்தப் பக்கம் ரப்பர் வாசனையோடு
வண்டிகள் நிற்கின்றன,
எங்களைவிட அசையாமல்.

"காலுக்கு ஒரு வேலை, தலைக்கு ஒரு வேலை,
இரண்டும் ஒரே நேரத்தில்," என்கிறாள் இயோலாண்டா.
நடை தானாக நடந்த காலம் போய்விட்டதாம் எங்களுக்கு.
இனி ஒவ்வோர் அடியையும் தலைதான் எடுத்துவைக்க வேண்டும்.
அந்தத் தலையை யாராவது கூப்பிட்டால்
கால் நட்டநடுவில் நின்றுவிடும்.
தெருவில் யாரும் கூப்பிடாமல் இருக்கப்போவதில்லை.
அதனால் இங்கேயே
கூப்பிடக் கூப்பிட நடந்து பழகுங்கள் என்றாள்.

எர்மெலிண்டா
தட்டில் தண்ணீர்க் கோப்பையை ஏந்திக்கொண்டு
'ம'வில் தொடங்கும் ஊர்களைச் சொல்லியபடி வருகிறாள்.
மாஃப்ரா. மொந்திஜு. மிராந்தெலா.
நான்காவது ஊர் வரவில்லை,
தண்ணீர் வந்துவிட்டது.
எர்மீனியோ பஸ் ஓட்டியவர்.
நிறுத்தங்களைக் கடைசியிலிருந்து சொல்ல வேண்டும்.
ஒவ்வொரு நிறுத்தத்திலும் நிஜமாகவே நிற்கிறார்.
சிரித்தோம். அவரும் சிரித்தார்.
எங்கள் முகங்கள் சிரிப்பதில்லை,
தோள் குலுங்குவதை வைத்துக் கண்டுகொள்வோம்.

என் முறை.
"நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறைத்துக்கொண்டே
நடங்கள், அபீலியோ."
பாவம், லெய்ரியாவிலிருந்து வருகிற பெண்,
மீன் ஏலக்கூடத்தைக் கண்டதில்லை.
முப்பத்தொரு வருடம் ஏலம் கூறியவன் நான்.
எங்கள் ஏலம் ஏறாது, இறங்கும்.
உச்ச விலையில் தொடங்கி
மூச்சுவிடாமல் இறங்கி வருவேன்.
பெட்டியில் மத்திகள் கண்மூடாமல் கேட்டிருக்கும்.
வேண்டியவன் "ஷூய்" என்பான்.
அந்த எண்ணில் மீன் அவனுடையது.
ஒரு நொடி முந்தினால் கைநஷ்டம்,
பிந்தினால் பக்கத்துக்காரனுக்கு.

தொண்ணூற்று மூன்று எண்பத்தாறு எழுபத்தொன்பது எழுபத்திரண்டு
அறுபத்தைந்து ஐம்பத்தெட்டு ஐம்பத்தொன்று—
கூடத்தின் கடைசி வரிசையை அறைந்த குரல்
இப்போது சட்டைப் பொத்தானைத் தாண்டவில்லை.
ஆனால் கால்!
பதினான்கு நாடாவைத் தாண்டிச்
சுவரில் முட்டி நின்றேன், இரண்டில்.

இயோலாண்டா பேனாவால் காதைச் சொறிந்தாள்.
"இது உங்கள் தலைக்கு வேலையே இல்லை.
திரும்பி வாருங்கள். இந்தத் தடவை ஏற்றி."

இரண்டு.
ஒன்பது.
பதினாறு.
பதினாறு.
பாதத்தில் ஆணி அடித்தாயிற்று.
அடுத்தது இருபத்து மூன்று, தெரியும்.
தெரிவது வேறு,
விலை ஏறுவதை என் வாயால் சொல்வது வேறு.

அன்று இரவு மூன்று மணி.
குளியலறை வாசல், இரண்டடி அகலம்.
மாத்திரையின் வேகம் தீர்ந்த நேரம்.
நின்றேன். சட்டம் இருபுறமும் என்னைப் பிடித்துக்கொண்டது.
தெயோலிண்டா எழுந்து வந்து இழுக்கவில்லை.
இழுத்தால் விழுவேன் என்று அவளுக்குத் தெரியும்.
கட்டிலில் படுத்தபடியே, இருட்டில்,
என்னுடைய பழைய குரலில் தொடங்கினாள்:
"எண்பது எழுபத்தொன்பது எழுபத்தெட்டு எழுபத்தேழு..."
சுருதி பிசகாமல்.
எத்தனை விடிகாலை கேட்டிருப்பாள்!

வாங்குகிறவனாக நான் நின்றதே இல்லை.
இன்னும் இறங்கட்டும் என்று பொறுத்தேன்.
எழுபது. அறுபத்தெட்டு.
வயிறு பொறுக்கவில்லை.
அறுபத்து நான்கில் "ஷூய்" என்றேன்,
என் கால் எனக்கே விலைபோனது.
தாண்டிவிட்டேன்.

"அவசரப்பட்டுவிட்டாய்,
ஐம்பதுக்கே கொடுத்திருப்பேன்," என்று
புரண்டு படுத்தாள்.

அடுத்த செவ்வாய் முப்பது வரை ஏறினேன்.
முப்பதில் நிற்கும்போது மணி அடித்தது.
பூட்ஸ் ஓட்டம், கதவு, சைரன்.
சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு வண்டிகூட மிச்சமில்லை.
சைரனுக்கு மேலாக இயோலாண்டா கத்தினாள்,
"முப்பத்து—"
சொல்லாதே என்று கையை உயர்த்தினேன்.
கை நடுங்கியது, அது எப்போதும் நடுங்கும்.
எனக்குத் தெரியும்.
கொஞ்சம் பொறு.